சாட்சிப் பக்கம்

எங்கள் ஆய்வகத்தில் வைத்தியம் எப்போதும் வலது பக்கத்துக்குத்தான். இடது பக்கம் சாட்சி.

தவளை முட்டையைச் சொல்கிறேன். கருவான முட்டை ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு செல்லாகப் பிளக்கும். ஒரு செல் வலது பாதி உடம்பாகும், மற்றது இடது பாதி. அந்த நேரத்தில் ஒரு செல்லில் மட்டும் மருந்தைக் குத்திவிட்டால், வளர்கிற தலைப்பிரட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் மருந்து வேலை செய்யும். மறு பக்கம் இயற்கையாக வளரும். ஒரே உடம்பு, ஒரே தண்ணீர், ஒரே சூடு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மருந்து என்ன செய்தது என்று தெரிந்துவிடும். மருந்தோடு ஒரு சாயத்தையும் கலந்துதான் குத்துவோம். அது நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். வலது பக்கம் ஒளிர்கிறவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு மற்றதைக் கழுவி ஊற்றிவிடுவோம்.

சில சமயம் ஊசி ஆழமாக இறங்கி, பச்சை இரண்டு பக்கமும் பரவிவிடும். அதற்கு எங்கள் பாஷையில் ‘சாட்சி கெட்டுப்போச்சு’ என்று பெயர். அப்படிப்பட்ட தட்டை யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்காகவே எந்தச் சோதனையையும் மூன்று தட்டில் செய்வோம். ஒன்று கெட்டாலும் இரண்டு மிஞ்சும்.

என் பெயர் சாந்தாமணி. பத்தொன்பது வருடமாக முட்டை குத்துகிறேன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது, கை ஆடாது, அவ்வளவுதான். தவளைக் கரு சூடு தாங்காது என்பதால் எங்கள் அறை எப்போதும் பதினெட்டு டிகிரியில் இருக்கும். சித்திரை வெயிலில் கோயமுத்தூரே காய்ந்து கிடக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மத்தியானத்துக்கு மேல் விரல் நுனி மரத்துப்போகும். மரத்துப்போன விரல்தான் ஆடாமல் நிற்கும் என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே ரகசியம்.

என் தம்பி மயில்சாமி தென்னை ஏறுகிறவன். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் கார்த்திகை மாதம் மரத்திலிருந்து விழுந்தான். முப்பத்தொரு வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே முதுகுத்தண்டு நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும், “அக்கா, என்ற கால யாராச்சும் கட்டி வெச்சிருக்காங்களா?” என்று கேட்டான். நான் போர்வையை விலக்கிக் காட்டினேன். இரண்டு காலும் சும்மாதான் கிடந்தன.

எங்கள் ஆய்வகம் மனிதனுக்குக் கொண்டுபோகக் காத்திருந்த மருந்து இதற்குத்தான். ஒரு மாதம் கழித்து, மயில்சாமிக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது.

“தவக்களைய வெச்சு இத்தன வருசம் என்னதான்க்கா பண்ணுனீங்க?” என்றான்.

“முதுகுத்தண்டுல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு எடம் இருக்குதுடா. கழுத்து, மாரு, இடுப்புன்னு. கருவா இருக்கறப்பவே நீ இந்த எடம், நீ அந்த எடம்னு சொல்லி நிறுத்தறதுக்குன்னே சில மரபணுங்க இருக்குது. ஹோமியோபாக்ஸ்னு பேரு. பஸ்ஸுல கண்டக்டரு ஸ்டாப் பேரச் சொல்லி எறக்கி உடறாரில்ல, அந்தாட்ட. இடுப்புக்காரங்கெல்லாம் எறங்குங்கன்னு சொன்னாத்தான், காலுக்குப் போற நரம்பு சரியான எடத்துல மொளைக்கும்.”

“சரி.”

“எல்லாரும் எறங்குன பொறகு கண்டக்டரு போயிருவாரு. அதுக்கப்பறம் அடிபட்டா, புதுசா செல்லு வந்தாலும் எங்க எறங்கறதுன்னு அதுக்குத் தெரியாது. தலைப்பிரட்டைக்கு வால வெட்டுனா தண்டோட சேத்தித் திரும்ப மொளைக்கும். அதே, தவக்களையா ஆனதுக்கப்பறம் தண்டு அறுந்தா சேராது. எங்க மருந்து அந்தக் கண்டக்டர நாப்பது நாளைக்குத் திரும்பக் கூட்டிட்டு வருது.”

“டிக்கெட்டு எடுக்கச் சொல்லுவாரா?” என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து விரித்தேன்.

மனிதர்களுக்கும் வலது பக்கம் மட்டும்தான் என்று முடிவாகியிருந்தது. எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் மெஹருன்னிசா வாணியம்பாடிக்காரர், அறுவை மருத்துவரும்கூட. கெட்டவர் இல்லை. பல மாதம் யோசித்து, நெறிமுறைக் கமிட்டியோடு சண்டை போட்டு வாங்கிய அனுமதி அது. மூன்று நோயாளிகள். தண்டின் வலது பாதியில் மருந்து, இடது பாதியில் வெறும் உப்புநீர். “முதல் தடவை மனுஷ உடம்புல போகுது சாந்தா. மருந்து விஷமாப் போச்சுன்னா பாதியாவது மிச்சம் இருக்கும். வேலை செஞ்சா, அதே உடம்புல சாட்சி இருக்கும். இதைவிடச் சுத்தமா யாராலயும் நிரூபிக்க முடியாது” என்று என்னிடம் சொன்னார். நியாயம்தான். பத்தொன்பது வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன்.

இடது பக்கத்துக்குப் பிறகு கொடுப்பார்களா என்றால், மாட்டார்கள். சாட்சியை ஒரு வருடம் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அடிபட்டு ஒன்பது மாதத்தில் தண்டிலுள்ள தழும்பு இறுகிவிடும், அதற்கு மேல் மருந்து ஏறாது. படிவத்தில் பதினோராம் பக்கத்தில் அது தமிழிலேயே எழுதியிருந்தது. மயில்சாமி விரல் வைத்து வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஒத்தக் காலுதானா?”

“ஆமாடா.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணு. குடு, கையெழுத்துப் போடறேன்.”

அவன் என் தம்பி என்பது டாக்டருக்குத் தெரியும். கமிட்டிக்கும் தெரியும். மற்ற இரண்டு பேர் பாதியில் ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில், இவன் ஓடமாட்டான் என்பதற்காகவே அவனை முதல் ஆளாகப் போட்டார்கள். ஊசியை நிரப்புவது நான்தான் என்பதையும் யாரும் மாற்றவில்லை. அந்த அளவுக்கு மெல்லிய ஊசியில் குமிழி இல்லாமல் மருந்து ஏற்ற வேறு கை அங்கே கிடையாது. “உன் கை ஆடாதுல்ல?” என்று மட்டும் டாக்டர் கேட்டார். “ஆடாதுங் மேடம்” என்றேன்.

ஆடவில்லை. தை மாதம், அறுவை நாளன்று காலை ஏழு மணிக்குப் பதினெட்டு டிகிரி அறையில் தனியாக உட்கார்ந்து இரண்டு ஊசிகளை நிரப்பினேன். சிவப்பு மூடி, தவளைக்குப் போலவே சாயம் கலந்த மருந்து; வெள்ளை மூடி, உப்புநீர். இரண்டும் பார்ப்பதற்குத் தண்ணீர்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்துக் குப்பி இரண்டு வரும், ஒன்று உதிரி. நான் உதிரிக் குப்பியைத் திறந்து வெள்ளை மூடி ஊசியில் ஏற்றினேன். பதிவேட்டில் ‘உதிரிக் குப்பி உடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது நான் பெரிதாக ஒன்றும் உணரவில்லை. யோசிக்காமலும் செய்யவில்லை. மூன்று பேர் இருக்கிறார்கள், இவன் சாட்சி கெட்டாலும் மற்ற இரண்டு பேருடைய சாட்சி இருக்கிறது, மூன்று தட்டில் ஒன்றைத் தூக்கிப் போடுவார்கள், தம்பி நடந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். தவளைக்குச் சரியாக வருகிற கணக்குத்தான் அது.

மற்ற இரண்டு பேரும் நிற்கவில்லை. ஒருவருக்கு அறுவைக்கு முன்பே சளிக்காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொருவர் திருப்பூர் பையன். அறுவைக்கு முந்திய நாள் அவன் அப்பா வந்து, “பாதி ஒடம்புக்கு வைத்தியம் பண்ற ஆஸ்பத்திரி ஒலகத்துலயே உண்டாங்க?” என்று சத்தம் போட்டு, மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புதிதாக ஆள் சேர்க்கக் கமிட்டி அனுமதிக்கவில்லை. முதல் ஆளின் முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

ஆக, ஒரே தட்டு. அது கெட்ட தட்டு.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மயில்சாமியின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் மெஹருன்னிசா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை இடது கட்டைவிரலும் அசைந்தது. அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள், டாக்டரைத் தவிர.

அன்று மத்தியானம் அவர் எங்கள் அறைக்கு வந்து, சால்வைகூட இல்லாமல் அந்தக் குளிரில் உட்கார்ந்தார். நான் முட்டை குத்திக்கொண்டிருந்தேன்.

“சாட்சியும் அசையுது சாந்தா” என்றார்.

நான் கண்ணை லென்சிலிருந்து எடுக்கவில்லை.

“உப்புத்தண்ணி போட்ட பக்கம் தானா வருதுன்னா, மருந்து போட்ட பக்கமும் தானா வந்ததுதான். தண்டு முழுசா அறுபடலை போல. நசுங்கினது மெல்ல மெல்லச் சரியாயிருக்கு. நம்ம மருந்து ஒண்ணுமே பண்ணலை.” பிறகு, “உன் தம்பி நல்லாயிட்டான், அதுக்குச் சந்தோஷப்படணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இது கெட்ட சாட்சி மேடம், தட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். வேலை போகும், போலீஸ் வரும் என்கிற சாதாரணப் பயம்தான், உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. தட்டில் மீதமிருந்த அறுபது முட்டையையும் குத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆடி மாதம் கமிட்டி சோதனையை மூடியது. ஐந்து வரிக் கடிதம். ‘சிகிச்சைப் பக்கத்துக்கும் சாட்சிப் பக்கத்துக்கும் வேறுபாடு காணப்படாததால்’ என்று ஆரம்பித்தது. டாக்டரின் பத்து வருட உழைப்பு அது. அவர் மறுநாளும் வழக்கம்போல எட்டரைக்கு வந்தார். குளிர்பெட்டியில் மிஞ்சியிருந்த மருந்துக் குப்பிகளைக் கடைசித் தட்டுக்கு மாற்றி வைக்கச் சொன்னார்.

மயில்சாமி ஆவணியில் எழுந்து நின்றான். புரட்டாசியில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அப்புறம் அதையும் விட்டுவிட்டான். வீட்டில் அவன் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒன்றுமே இல்லை. குளிர் அறையிலிருந்து வெளியே வந்த விரல் மாதிரி, என்னுடையதுதான், ஆனால் தொட்டால் தெரியவில்லை.

லூர்துமேரி வராமல் இருந்திருந்தால் அப்படியேகூட இருந்திருப்பேன்.

வால்பாறையில் எஸ்டேட் வேலைக்காரர் மகள். இருபது வயது. சித்திரையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி விழுந்ததில், மயில்சாமிக்கு அடிபட்ட அதே இடத்தில் அடி. வைகாசியில் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தோம். ஆடியில் சோதனையை மூடியபோது அவள் அப்பா மட்டும் விடவில்லை. எஸ்டேட்டில் முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, சோதனையைத் திரும்பத் தொடங்கச் சொல்லிக் கமிட்டிக்கு மனு எழுதி வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், மயில்சாமியைக் கூட்டிப்போகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அவன் லூர்துவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்று, காலைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

“தானா வரும் பாப்பா. மருந்தெல்லாம் ஒண்ணுமே பண்ணலைன்னு டாக்டருங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்கும் தானாத்தான் வந்துச்சு. ஆறு மாசம் கட்டையாட்டக் கெடந்தவன் நானு. நீ மனச உட்றாத.”

“நெஜமாவாண்ணா?”

“என்னையப் பாத்தாத் தெரியலையா?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அப்பாகிட்ட அந்த மனுவெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேங்க்கா. சும்மா டாக்டருங்களோட மல்லுக்கு நின்னுக்கிட்டு. தானா வர்றதுக்கு எதுக்கு மனு?”

அவளுக்கு அடிபட்டு ஆறரை மாதம் முடிந்திருந்தது. ஒன்பதுக்கு இன்னும் இரண்டரை மாதம்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மூடி, உதிரிக் குப்பி, பதிவேடு. அவன் கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிணத்துக்கடவு தாண்டிய பிறகுதான் கேட்டான்.

“அப்ப இது தானா வரல?”

“இல்லடா.”

“அந்தப் புள்ளைக்கும் தானா வராது.”

“வராது.”

“நான் போயி அதுகிட்டச் சொல்லிப்புட்டேனேக்கா.” அதற்குமேல் அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வீடு வரும்வரை இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அப்ப மருந்து வேலை செய்யுது” என்றார்.

“செய்யுதுங் மேடம்.”

“பாவி. அஞ்சு மாசம் என்னைப் பொணமாட்டம் உக்கார வெச்சியே.” அதை அவர் சத்தமில்லாமல் சொன்னார். “சரி. இப்ப யார் நம்புவா? சொல்லு. நீ அவன் அக்கா. குப்பி உடைஞ்சதுன்னு உன் கையாலயே எழுதியிருக்கே. தம்பிக்காகப் பொய் எழுதினவ, இப்பச் சொல்றது மட்டும் நெசமான்னு கமிட்டியில முதல் ஆளே கேப்பான். நீயே கெட்டுப்போன சாட்சி சாந்தா.”

“சாயம் இருக்குங்களே” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

மருந்து ஏறிய செல்லில் சாயம் வருடக்கணக்கில் இருக்கும். ஸ்கேனில் தெரியாது. அதைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. தலைப்பிரட்டைகளை அப்படித்தான் பார்க்கிறோம்: மெல்லிய சீவலாக அறுத்து, நீல வெளிச்சத்தில் வைத்து.

“கார்த்திகையில அவன் முதுகுல எலும்பைச் சேர்த்து வெச்ச பிளேட்டை எப்படியும் எடுக்கணும்” என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல். “திறக்கும்போது, இடது பாதியில ஒரு அரிசி அளவு... இல்லை. நான் இதைச் சொல்லலை. அந்த அரிசிதான் அவன் இடது கால். எடுத்தா அது போயிரும். நீயும் கேக்கலை.”

“இடது பக்கந்தானுங் டாக்டர்?”

மயில்சாமி கதவருகே நின்றிருந்தான். பெஞ்சில் உட்கார அவனுக்குப் பொறுமை எப்போதும் கிடையாது.

நான் கத்தினேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் என் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்றேன், ஜெயிலுக்குப் போகிறேன் என்றேன், வேறு யாரையாவது பாருங்கள், நாயைப் பாருங்கள், குரங்கைப் பாருங்கள் என்றேன். அவன் நான் முடிக்கும்வரை நின்றான்.

“நான் கையெழுத்துப் போட்டது ஒத்தக் காலுக்குத்தானேக்கா. இன்னொண்ணு எனக்குன்னு எழுதி வெச்சதில்ல, நீயா எடுத்துக் குடுத்தது. அந்தப் புள்ளைய ஏமாத்திட்டு அத வெச்சு நடந்துட்டிருக்கேன்.” டாக்டர் பக்கம் திரும்பி, “நீங்க எழுதிக் கொண்டாங்க டாக்டர், நான் போட்டுத் தர்றேன்” என்றான்.

டாக்டர் ஒரு வாரம் மறுத்தார். பிறகு கமிட்டி ஒரு வாரம் மறுத்தது. அவன் தினமும் ஆனைமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, கமிட்டி அலுவலக வாசலில் நின்றான், இரண்டு காலிலும். கடைசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, வக்கீல் முன்னிலையில் அவனை மூன்று முறை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அறுவைக்கு முந்திய ஞாயிறு மத்தியானம், என்னைப் பி.ஏ.பி. பாசன வாய்க்காலுக்குக் கூட்டிப்போனான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றான். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

“மீனு கடிக்குதுக்கா.”

“எந்தக் காலுல?”

“ரெண்டுலயும்” என்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றான். கால் விறைத்துப்போகும், ஏறி வாடா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

கார்த்திகை நான்காம் நாள் அவன் முதுகைத் திறந்து, பிளேட்டை எடுத்து, அரிசி அளவு அறுத்தெடுத்தார்கள். அதற்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இருந்தாலும் டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னார். சீவல் அறுத்தது வேறு யாரோ, கொஞ்சம் தடிமனாகத்தான் அறுத்தார்கள். விளக்கை அணைத்து நீல வெளிச்சத்தைப் போட்டதும், திரையில் பச்சை வந்தது. சீவல் முழுக்கப் பச்சை. இடுப்புக்கு என்று எழுதிய இடத்தில் இறங்கி, காலை நோக்கி நீண்டுபோன நரம்புகள், நுனிவரை தெரிந்தன.

“அழகா இருக்கு” என்றார் கமிட்டி ஆள் ஒருவர்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ ஆயிரம் முறை அதே வெளிச்சத்தில் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அது யாருடைய முதுகு என்று ஒரு தடவைகூட நினைத்தது இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அவனுக்கு இடது கால் இல்லை. கால் இருந்தது, இடுப்புக்குக் கீழே அந்தப் பக்கம் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கால் அசைந்தது. படிவத்தில் பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தபடி ஆகிவிட்டது.

கமிட்டி பத்தே நாளில் கூடியது. மருந்தைக் கொடுத்தால் கால் வருகிறது, மருந்து ஏறிய செல்லை எடுத்தால் கால் போகிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று டாக்டர் கேட்டாராம். தவளையில் நாங்கள் எப்போதும் செய்கிறதுதான். மரபணுவைக் கூட்டியும் பார்ப்போம், குறைத்தும் பார்ப்போம், இரண்டும் பொருந்தினால்தான் நம்புவோம். சோதனையைத் திரும்பத் தொடங்க அனுமதி கிடைத்தது. என் மேல் விசாரணை தனியாக நடக்கிறது. முடிவு எதுவானாலும் ஊசியை இனி என் கையில் கொடுக்க மாட்டார்கள். இப்போது தவளைத் தொட்டி கழுவுகிறேன். அதற்கு நான் அழவில்லை என்று சொன்னால் பொய், தொட்டி கழுவும்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

லூர்துவுக்கு மார்கழி பன்னிரண்டாம் தேதி அறுவை என்று முடிவானது. ஒன்பது மாதத்துக்கு இருபது நாள் முன்னால். அதற்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம், வார்டில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் மயில்சாமி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை. நான் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். லூர்து புதுப் படிவத்தை எனக்கு நீட்டினாள்.

“அக்கா, இதுல ரெண்டு பக்கமும் மருந்துன்னு போட்டிருக்காங்க. பழைய பேப்பர்ல வலது மட்டும்னுதானே இருந்துச்சு? எதுக்கும் பாத்துச் சொல்லுங்க. தப்பா அடிச்சிருக்கப் போறாங்க.”

வாங்கிப் பார்த்தேன். வலது: மருந்து. இடது: மருந்து. அதற்குக் கீழே ‘சாட்சி’ என்று ஒரு கட்டம். பத்தொன்பது வருடமாக நான் பார்த்த எல்லாப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் ‘அதே உடம்பு, இடது’ என்றுதான் இருக்கும். இதில் ‘நபர் 1, இடது’ என்று அச்சாகியிருந்தது. அடுத்த படுக்கையில் இருந்தவருடைய படிவத்தையும் எட்டிப் பார்த்தேன். அதிலும் அதே வரிதான். இனி வரப்போகிற எல்லோருக்கும் அதுதான் இருக்கும் போல.

“தப்பில்லம்மா. சரியாத்தான் இருக்குது” என்றேன்.

“அப்ப சாட்சி யாருங்க்கா?”

நான் பதில் சொல்லும் முன் மயில்சாமி முந்திக்கொண்டு, “அதெல்லாம் ஒரு ஆளப் புடிச்சு வெச்சிருக்காங்க பாப்பா. நீ கையெழுத்தப் போடு” என்றான். அவள் போட்டாள். கண்டக்டர் கதை தெரியுமா என்று அவளிடம் கேட்டு, நான் சொன்னதை எனக்கு முன்னாலேயே தன் சொந்தச் சரக்குப் போலச் சொல்ல ஆரம்பித்தான். டிக்கெட் இடம் வந்ததும் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

அவன் இடது கால் மிதிகட்டையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாதம் சில்லென்று இருந்தது. அழுத்திப் பிடித்தேன், உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன், விரல்களை ஒவ்வொன்றாக நீவினேன். அவனுக்குத் தெரியவில்லை. லூர்துவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான்.